தமிழில் மட்டும் சொன்ன அறிவிப்பு

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் அந்தக் காலத்தில் குடியிருந்தவர்களுக்கு மைக் ராஜரத்தினத்தைத் தெரியாமல் இருக்காது. நாளைக்குக் குழாயில் தண்ணீர் நிற்கப்போகிறதா, பிள்ளைகளுக்கு அம்மை ஊசி போட வருகிறார்களா, சைக்கிள் லைசென்ஸ் எடுக்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டதா, எதுவானாலும் நகர ஆபீஸ் வேனில் உட்கார்ந்து அவர் சொன்னால்தான் தெருவுக்குச் சேதி. அவரிடம் ஒரு விசேஷப் பழக்கம் உண்டு. தெருவில் ஒரே ஒரு வீடுதான் என்றாலும் தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை சொல்லாமல் வண்டியை நகரவிட மாட்டார். மழை கொட்டினாலும் சரி, டிரைவர் சலித்துக்கொண்டாலும் சரி. ஏன் என்று கேட்டால், "யாரு வீட்டுல என்ன பாசை பேசுறாங்கன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?" என்பார். சாதாரணமான பதில்தான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகம் வெளுத்துவிடும். அந்த முகம் முதன்முதலில் வெளுத்த கதை இது.

ராஜரத்தினம் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை, கேட்டால் அவரே ஒப்புக்கொள்வார். ஆள் நோஞ்சான், குரல் மட்டும் பட்டாளத்துக் குரல். ஜாசின் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணிக்குப் பக்கத்தில் நின்று பெயர் கூப்பிடுவது அவர் வேலை. அவர் கூப்பிட்டால் லயத்தின் கடைசி வீட்டில் போர்த்திப் படுத்திருப்பவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அதே கிராணி சும்மா திரும்பிப் பார்த்தால் போதும், இவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பயப்படக் காரணம் இல்லாமலும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அண்ணனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவே இல்லை. பிறகு கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. ஒரு நாள் மரங்களுக்கு நடுவில், காட்டிலிருந்து வந்த இரண்டு பேர் வழிமறித்து, தோட்டத்துத் துரைக்காகக் கூப்பிடுகிற குரல் இனிமேல் கேட்கக்கூடாது என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ராஜரத்தினம் அன்றைக்கே பெண்டாட்டி பாக்கியலட்சுமியை அழைத்துக்கொண்டு, கையில் அகப்பட்டதை மூட்டை கட்டி, மலாக்கா டவுனுக்கு வந்துவிட்டார். கொஞ்ச காலம் பசாரில் மீன் கூடை இறக்கினார். அங்கே அவர் "ஒதுங்கு" என்று ஒரு சத்தம் போட்டதை நகர ஆபீஸ் பெரிய கிளார்க் சேதுராமன் கேட்டுவிட்டார். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் அது. தினம் ஒரு புதுச் சேதி ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஓட்டுக்குப் பெயர் பதிவது, குடியுரிமைக்கு மனுப் போடுவது என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு குரலை மீன் கூடைக்கு விட்டுவைக்க சேதுராமனுக்கு மனம் வரவில்லை.

வேலை கிடைத்த அன்று பாக்கியலட்சுமி பாயசம் வைத்தாள். இவர் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கவர்மெண்டு வேலை கெடச்சிருக்கு. சந்தோசப்படாம எதுக்கு இப்பிடி நடுங்குறீங்க?" என்று கேட்டாள்.

"தோட்டத்துல ஒருத்தன் பேரை மாத்திக் கூப்பிட்டா அவன் ஒருத்தனுக்குத்தான் நட்டம். இங்க தப்பாச் சொல்லிட்டா ஊருக்கே தப்பாயிடும்."

"தப்பா ஏன் சொல்றீங்க? எழுதிக் குடுக்குறத வாசிங்க, போதும்."

எழுதிக் கொடுப்பதை வாசிப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. அவருக்கு வந்தது தமிழ்தான். மலாய் என்றால், மீன் விலை கேட்கிற அளவுக்கு. அதனால் வேனில் எப்போதும் இரண்டு பேர் போவார்கள். தமிழுக்கு ராஜரத்தினம், மலாய்க்கு ஷம்சுதீன். ஷம்சுதீன் மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். இரண்டு மொழியும் அவனுக்கு ஒன்றுபோல வரும். ஸ்டியரிங்கில் மலாய்க்காரர் யூசோப். இந்த ஏற்பாட்டில் ஒரு மாதம் ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாக ராஜரத்தினத்துக்கு நடுக்கம் குறைந்தது, பாயசமும் இறங்க ஆரம்பித்தது.

அப்போதுதான் நாய்ப் பேச்சு கிளம்பியது. பத்து பெரெண்டாம் என்ற இடத்துப் பக்கம் வெறிநாய் கடித்து ஒரு ஆள் இறந்துவிட்டதாக ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். தெருநாய்களை ஒழிக்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில தெருக்களில் விஷ உருண்டை போடுவது என்று முடிவாயிற்று. சூரியன் சாய்கிற நேரத்தில் சாக்கடை ஓரங்களில் போட்டுவிட்டு, விடிவதற்குள் மிச்சத்தைப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். அதற்குள் வீட்டு நாய்களைக் கட்டிப்போட வேண்டும். பிள்ளைகளை வெளியே விடக்கூடாது. கீழே கிடக்கும் எதையும் யாரும் தொடக்கூடாது. மத்தியானமே வேன் போய் இதைத் தெருத்தெருவாகச் சொல்லிவிட வேண்டும்.

அன்று காலையில் ராஜரத்தினம் ஸ்டோருக்குப் போனபோது மேசைமேல் ஒரு தட்டு நிறைய உருண்டைகள் இருந்தன. அரைத்த இறைச்சியை மாவில் புரட்டிப் பொன்னிறமாகப் பொரித்திருந்தார்கள். கடையில் விற்கிற பெர்கெடில் வடை மாதிரியே இருந்தது, வாசனையும் அப்படியே. பசியோடு வந்த மனிதர் கை நீட்டிவிட்டார். ஸ்டோர் பார்க்கிற கருணாகரன் பாய்ந்து வந்து புறங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தான்.

"அண்ணே, அதைத் தின்னா நீங்க வீட்டுக்குப் போகமாட்டீங்க. நாய்க்குப் போட வச்சிருக்கு. ஒண்ணு உள்ள போனாப் போதும், அப்பிடியே இழுத்து வெறச்சிக்கும்."

ராஜரத்தினம் குழாயடிக்கு ஓடிப்போய்க் கை கழுவினார். கழுவிவிட்டு முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார். நாயை ஏமாற்றச் செய்த பண்டம் தன்னையே ஏமாற்றிவிட்டதே என்ற நினைப்பு. அது அன்று முழுவதும் போகவில்லை.

வேன் கிளம்புகிற சமயத்தில் ஷம்சுதீனுக்கு வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவன் பெண்டாட்டி ஆயிஷாவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அவன் அவசரமாக ஒரு தாளில் மலாய் அறிவிப்பைத் தமிழ் எழுத்திலேயே எழுதி இவர் கையில் திணித்தான்.

"இத அப்பிடியே வாசிங்கண்ணே. ஒண்ணும் சூசா இல்ல," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

சூசா, அதாவது சிரமம், இருந்தது. பாச்சாங்கில் மலாய் அறிவிப்பை வாசித்தபோது வியர்வை கண்ணில் இறங்கியது. பிள்ளைகள் கூடி நின்று அவர் உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். தெங்கேராவில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் வண்டியை நிறுத்தி, இவர் என்ன சொல்கிறார் என்று யூசோப்பிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். ராஜரத்தினம் அவமானத்தில் குறுகிப்போனார். இன்னும் ஒரு இடம்தான் பாக்கி, காஜா பெராங்கில் இருக்கிற கம்போங் செட்டி என்கிற குடியிருப்பு. அந்தப் பக்கம் அவர் அதுவரை போனதே இல்லை.

வேன் உள்ளே திரும்பியதும் அவருக்குப் போன உயிர் வந்தது. வீட்டுக்கு வீடு வாசல் நிலையில் மாவிலைத் தோரணம். கோயில். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெரியவர் வெயிலுக்கு ஒதுங்கி நின்றார். பெண்கள் சாரோங்கும் கபாயாவுமாக இருந்ததை இவர் கவனிக்காமல் இல்லை. டவுன் பெண்கள், டவுன் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டார். நம்ம சனங்க என்று மனசு ஆறியது. ஷம்சுதீனின் தாளை மடித்து டேஷ்போர்டில் செருகினார்.

யூசோப் திரும்பிப் பார்த்து, "மலாயு?" என்று கேட்டார்.

"மலாயு தா பாயா. இது நம்ம ஆளுங்க," என்று வேண்டாமென்று கையை வேறு ஆட்டினார் ராஜரத்தினம்.

யூசோப் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இவர் காத்திருக்கவில்லை. மைக்கைப் பிடித்துவிட்டார். அன்று காலையிலிருந்து பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்துப் பேசினார். கம்போங் செட்டிவாழ் பெருமக்களே என்று ஆரம்பித்தார். விஷத்தின் கொடுமை, பிள்ளைகளின் அருமை எல்லாம் எழுதிக் கொடுத்ததில் இல்லாதவை. அவராகச் சேர்த்துக்கொண்டார். சனங்கள் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள், சிரித்தார்கள், தலையை ஆட்டினார்கள். நாலைந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று, பழுப்பு நாய்க்குட்டி ஒன்று கூடவே ஓடிவர, வேன் முக்குத் திரும்புகிறவரை துரத்திக்கொண்டு வந்தது. இவர் கையசைத்தார். அதுவும் கையசைத்தது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவர் பயமில்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

வேனை ஷெட்டில் விட்டுப் பூட்டிவிட்டு யூசோப் போய்விட்டார். ராஜரத்தினம் பசாருக்குப் பக்கத்தில் ஹனீபாவின் தேத்தண்ணிக் கடைக்கு நடந்தார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு எங்கெங்கண்ணே சுத்துனீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஹனீபா தேத்தண்ணி ஆற்றினார்.

"பாச்சாங்கு, தெங்கேரா. அங்கெல்லாம் மானம் போச்சு பாய். கம்போங் செட்டியிலதான் நல்லா வந்துச்சு. சுத்தத் தமிழ்ல விளாசிட்டேன்."

"மலாய்லயும் சொன்னீங்கள்ல?"

"எதுக்கு? கோயிலும் மாவெலையுமா இருக்கு. நம்ம சனங்களுக்கு மலாய்ல சொல்லணுமா?"

ஹனீபா குவளையைக் கீழே வைத்தார். "அண்ணே, அவங்களுக்குத் தமிழ் தெரியாது."

"வெளாடாதீங்க பாய்."

"வெளாடல. கோயிலு உங்க கோயிலு. பேரு உங்க பேரு. பேச்சு மட்டும் மலாய். எத்தனையோ தலைமொறையா அப்பிடித்தான். எங்கிட்ட வந்து தேத்தண்ணி கேக்குறதே மலாய்லதான். நீங்க சொன்னதுல ஒரு வார்த்த வெளங்கியிருக்காது. ஏதோ கோயில் திருவிழான்னு நெனச்சிருப்பாங்க." பிறகு அவருக்கே ஏதோ உறைத்தது. "ஆமா, என்ன சேதி சொன்னீங்க?"

ராஜரத்தினம் சொன்னார். தட்டு நிறைய இருந்த அந்த உருண்டைகள் கண்முன் வந்தன. தன் கை அதை நோக்கி நீண்டது ஞாபகம் வந்தது. முப்பது வயது தாண்டிய ஆளே நம்பிக் கை நீட்டினால், நாலு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? சிரித்துத் தலையாட்டிய அத்தனை முகங்களும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவர்கள் புரிந்து தலையாட்டவில்லை. மரியாதைக்கு ஆட்டியிருக்கிறார்கள்.

சேதுராமன் வீட்டுக்கு ஓடலாமா என்று ஒரு நினைப்பு. ஓடினால் வேலை போகும். அது போகட்டும். அங்கே போய்ச் சொல்லி, அவர் சட்டை மாட்டிக் கிளம்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வேன் ஷெட்டுக்குள். சாவி யூசோப்பிடம். மலாய்த் தாளும் வேனுக்குள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒக்காந்துட்டா எப்பிடிண்ணே," என்று ஹனீபா தோளைப் பிடித்து உலுக்கினார். "என் சைக்கிள எடுத்துக்கிட்டு நேரா அங்க போங்க. ரிக்ஷா புடிச்சு நான் போய் மருந்து போடுற ஆளுங்கள நிறுத்தப் பாக்குறேன். ரெண்டே வார்த்த சொல்லுங்க போதும். ஜாங்கான் மாக்கான், அடா ராச்சுன். தின்னாதீங்க, வெசம் இருக்கு. சொல்லுங்க பாப்பம்."

"ஜாங்கான் மாக்கான், அடா ராச்சுன்."

"அவ்வளவுதான். போங்க."

சைக்கிள் ஹனீபாவின் உயரத்துக்குத் தக்கது. இவருக்குப் பெடல் முழுசாக எட்டவில்லை. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே மிதித்தார். ஜாங்கான் மாக்கான், அடா ராச்சுன் என்று மூச்சுக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டார். எதிரே வந்த ஆட்கள் பைத்தியமா என்று பார்த்தார்கள். காஜா பெராங் ரோட்டில் பாதி தூரம் போனபோது எதிரே விஷ உருண்டை போடுகிறவர்களின் சின்ன லாரி வந்தது. பின்னால் இரண்டு பேர் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மடிமீது தட்டு. ராஜரத்தினம் சைக்கிளைக் குறுக்கே விட்டுக் கையை ஆட்டினார். தெரிந்த ஆள் வணக்கம் சொல்கிறான் என்று நினைத்து அவர்களும் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். தட்டு காலியாக இருந்தது. ஹனீபா போய் இனி யாரை நிறுத்துவது? போட்டாயிற்று. கடவுளே, அந்தப் பிள்ளை வீட்டுக்குள் இருக்கட்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டே மிதித்தார்.

கம்போங் செட்டிக்குள் நுழையும்போது கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு நேரம். பெண்கள் பூத்தட்டோடு நின்றார்கள். பிள்ளைகள் சுண்டல் வாங்கக் காத்திருந்து, வாங்கியதும் திசைக்கொன்றாக ஓடினார்கள். அதில் சிலர் ஓடியது சாக்கடைப் பக்கம். ராஜரத்தினம் சைக்கிளோடு கோயில் வாசலில் விழுந்தார். எழுந்து வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை.

லயத்தைத் தட்டி எழுப்பிய குரல், பசாரை ஒதுங்கவைத்த குரல், அன்று வேண்டிய நேரத்தில் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிட்டது. உறுமல் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. வழியெல்லாம் சொல்லி வந்த அந்த இரண்டு வார்த்தைகளும் சைக்கிளிலிருந்து விழுந்தபோதே எங்கோ விழுந்துவிட்டன. தமிழும் இல்லை, மலாயும் இல்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. வேறு வழி தெரியவில்லை. மனிதர் தரையில் குப்புற விழுந்து, நாலு காலில் நின்று, நாயைப்போல் இரண்டு தடவை குரைத்தார். தரையில் எதையோ கவ்வித் தின்பதுபோல் வாயை அசைத்தார். பிறகு மல்லாந்து கைகால்களை இழுத்து, விறைத்து, கண்ணைச் செருகிக்கொண்டார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது என்றுதான் அவர் நினைத்தார்.

இதே கூத்தை அவர் பசாரில் ஆடியிருந்தால் ஒருவேளை புரிந்திருக்கும். கோயில் வாசலில், வெள்ளிக்கிழமை, மணியடிக்கிற நேரத்தில் ஒருவன் விழுந்து துடித்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி சாம்பிராணிப் புகையை அவர் முகத்துக்கு நேரே வீசினாள். பூசை செய்த பெரியவர் திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்து, மந்திரம் சொல்லிக்கொண்டே அவர் நெற்றியில் அள்ளிப் பூசினார். அவரும் அந்த ஊர்க்காரர்தான். வாயில் மந்திரம் இருந்தது, தமிழ் இல்லை. குரைக்கிற சாமி எந்தச் சாமி என்று அவருக்குக் குழப்பம். வந்திருப்பது யார், என்ன வேண்டும் என்று மலாயில் பணிவாகக் கேட்டார்.

ராஜரத்தினம் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். சாமிக்குக் கோபம் என்று நினைத்து இன்னும் நாலு பேர் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். எழுந்து சாக்கடைப் பக்கம் ஓடப் பார்த்தார். சாமி வந்தவரை ஓடவிடுவார்களா? இரண்டு பக்கமும் ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கைகளுக்கு நடுவில் திமிறிக்கொண்டே பிள்ளைகள் போன திசையைப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தது. நான் சாமி இல்லை, உங்கள் பிள்ளைகளைக் கொல்லப்போகிற பாவி என்று உள்ளுக்குள் கதறினார். வெளியே வந்தது உறுமல்தான்.

யாரோ ஒரு குடம் வேப்பிலைத் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். குளிர்ந்த தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது. திணறி, இருமி, அந்த இருமலோடு குரல் வெளியே வந்தது.

"ராச்சுன்," என்று கத்தினார். கோயிலுக்குள் விளக்கு அணைந்துவிடும்போல் இருந்தது அந்தச் சத்தம். "ராச்சுன். லொங்காங். அஞ்சிங். பூடாக், பூடாக்."

விஷம், சாக்கடை, நாய், பிள்ளைகள். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. ஆனால் சாமியே சொல்லிவிட்டதல்லவா. அரை நொடிகூட யாரும் யோசிக்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. பெண்கள் தட்டைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆண்கள் கோயில் விளக்கையே கையில் எடுத்துக்கொண்டு சாக்கடைக்கு இறங்கினார்கள். நகர ஆபீஸ் எத்தனை வேன் அனுப்பியிருந்தாலும் இவ்வளவு வேகமாகக் காரியம் நடந்திருக்காது. பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தார்கள். வாயைத் திறக்கச் சொல்லி, கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு தாய்க்கு மட்டும் பிள்ளை கிடைக்கவில்லை. கோகிலா என்று அவளை யாரோ கூப்பிட்டார்கள். அவள், "சீதா, சீதா," என்று கூப்பிட்டுக்கொண்டு வீடுகளுக்குப் பின்னால் ஓடினாள். பேச்செல்லாம் மலாயாக இருந்த அந்த இருட்டில் அந்தப் பெயர் மட்டும் தமிழாக வந்து ராஜரத்தினத்தின் நெஞ்சில் இறங்கியது. அவரும் பின்னால் ஓடினார்.

கடைசி வீட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில் அந்தப் பிள்ளை குந்தியிருந்தது. மத்தியானம் வேனைத் துரத்திக்கொண்டு வந்த அதே பிள்ளை. எதிரே பழுப்பு நாய்க்குட்டி கால்களை நீட்டி விறைத்துக் கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையின் வலது கையில் ஒரு பொன்னிற உருண்டை தெரிந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது.

கோகிலா பாய்ந்து கையைத் தட்டிவிட்டு, பிள்ளையை மடியில் சாய்த்து, விரலை வாய்க்குள் விட்டுத் தோண்டினாள். ராஜரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டார். தன் வாழ்நாளில் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. விரலோடு வெளியே வந்தது சுண்டல் கடலை. மறுபடி தோண்டினாள். அதுவும் கடலைதான். உருண்டையை நாய்க்குட்டிக்கு என்று எடுத்து வைத்திருந்ததாம், இன்னும் எழுந்திருக்கவில்லையே என்று காத்திருந்ததாம். பிள்ளை அழுதுகொண்டே அம்மாவிடம் சொல்லிற்று.

எல்லோரும் கோயில் வாசலுக்குத் திரும்பினார்கள். பிள்ளையின் கைகளைச் சாம்பல் போட்டுக் கழுவினார்கள். பிறகு கோகிலா அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு ராஜரத்தினத்துக்கு எதிரே வந்து நின்றாள். பெரியவர் திருநீற்றுத் தட்டை நீட்டினார். கோகிலா பிள்ளையின் தலையைப் பிடித்துக் குனியவைத்தாள். பிள்ளையைக் காப்பாற்றிய சாமி அதை ஆசீர்வாதம் பண்ண வேண்டும்.

அவருக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. இப்போது மலாய் வார்த்தைகள் நினைவுக்கு வந்துவிட்டன. நான் சாமி இல்லை என்று சொல்ல அவை போதும். சொன்னால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று பயந்தார். தட்டில் விரலை வைத்தார். பிள்ளையின் நெற்றியில் பூசினார். திருநீறு கோணலாக இழுபட்டு மூக்குவரை வந்தது.

பிள்ளை நிமிர்ந்து அவரைப் பார்த்தது. அழுகையை நிறுத்தியது.

"ஓராங் லாரி," என்றது. லாரிக்காரர். வேனைத்தான் அது லாரி என்றது. கையை வேறு ஆட்டிக் காட்டிற்று, மத்தியானம் ஆட்டியதைப்போல.

கோகிலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நனைந்த காக்கிச் சட்டை, பையில் குத்தியிருந்த நகர ஆபீஸ் வில்லை. அவள் மெதுவாக, அவருக்குப் புரிகிற மாதிரி சின்னச் சின்ன வார்த்தையாக மலாயில் கேட்டாள்.

"மத்தியானம் நீங்கள்தான் வந்தீர்கள். இதைத்தான் சொன்னீர்களா?"

"இதைத்தான்," என்றார் ராஜரத்தினம், அதே உடைந்த மலாயில்.

"எங்களுக்கு ஏன் புரியவில்லை?"

"தமிழில் சொன்னேன். கோயில் பார்த்தேன். தமிழ் போதும் என்று நினைத்தேன். என் தப்பு. என்னை அடியுங்கள்."

யாரும் அடிக்கவில்லை. இடுப்பைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். கும்பிட்டு நின்றவர்கள் கையைத் தொங்கவிட்டார்கள். கோகிலா கோயிலுக்குள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"சாமிக்குத் தமிழ் தெரியும்," என்றாள். "எங்களுக்குத் தெரியாது."

பிறகு கபாயா நுனியால் பிள்ளையின் நெற்றியில் அவர் பூசியிருந்ததை அழுத்தித் துடைத்தாள். பெரியவரின் தட்டிலிருந்து கொஞ்சம் திருநீறு எடுத்துத் தன் கையாலேயே புதிதாகப் பூசிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.